ரேமைக் கூட்டினால் கணினி வேகமாகுமா?

கணினி மெதுவாகிவிட்டது என்று யாரிடம் முறையிட்டாலும் முதலில் வரும் பதில், "ரேமைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்களேன்" என்பதுதான். இந்த அறிவுரையில் பாதி உண்மை இருக்கிறது. ரேம் எனப்படும் நினைவகம் போதாமல் திணறும் கணினியில் அதைக் கூட்டினால், பெட்டியையே மாற்றிவிட்டார்களோ என்று ஐயுறும் அளவுக்கு வேறுபாடு தெரியும். செய்யும் வேலைக்கு ஏற்கெனவே போதிய நினைவகம் உள்ள கணினியிலோ, அதை இரண்டு மடங்காக்கினாலும் கடிகாரத்தை வைத்து அளந்தால்கூடப் பெரிதாக எதுவும் பிடிபடாது. நினைவகம் தானாக எந்த வேலையையும் விரைவுபடுத்துவதில்லை. போதாமல் போகும்போதுதான் அது தன் இருப்பையே நமக்கு உணர்த்துகிறது.

கட்டளைகளை நிறைவேற்றும் சில்லான பிராசசர் ஒரு நிரலை இயக்க வேண்டுமானால், அந்நிரலின் கட்டளைகளும் அது கையாளும் தரவுகளும் ரேமில் இருந்தாக வேண்டும். வன்தட்டில் கிடக்கும் கோப்பை பிராசசர் நேரடியாகத் தொடுவதில்லை. ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகிறது. சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி, சாதாரணமானது என்றால் 100 மைக்ரோ விநாடி அளவில் ஆகும். சுழலும் வன்தட்டு என்றால் 10 மில்லி விநாடி அளவில் ஆகும். மூன்றுமே கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவானவை என்பதால் இந்த எண்கள் மனத்தில் பதிவதில்லை. ஆகவே ரேமிலிருந்து எடுக்கும் நேரத்தை ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதே விகிதத்தில் பெருக்கிப் பார்க்கலாம். எஸ்எஸ்டிக்கு ஏறக்குறைய 17 நிமிடம் ஆகும். வன்தட்டுக்கோ ஒரு முழுநாள் போய், அதற்கு மேலும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். நினைவகத்தின் அளவைப் பற்றிய பேச்சு முழுவதும் இந்த விகிதத்தில்தான் அடங்கியிருக்கிறது.

நினைவகம் நிரம்பிவிட்டால் கணினி நின்றுவிடுவதில்லை என்பதே இதிலுள்ள சிக்கல். நின்றுவிட்டால் காரணம் உடனே தெரிந்துவிடும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே, உள்ள நினைவகத்தைவிடப் பெரிய நினைவகம் இருப்பதாக நிரல்களை நம்பவைக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. இன்றைய வீட்டுக் கணினிகளும் அதே வழியில்தான் நடக்கின்றன. நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்துக்கொள்கின்றன. நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்தும் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒரு பக்கம் 4 கேபி. இடம் போதாதபோது, அண்மையில் தொடப்படாத பக்கங்களை இயங்குதளம் வெளியேற்றுகிறது. நிரலின் கட்டளைகளை மட்டும் தாங்கிய பக்கமாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம், ஏனெனில் மூலக் கோப்பு வட்டில் (வன்தட்டிலோ எஸ்எஸ்டியிலோ) இருக்கிறது, வேண்டும்போது மீண்டும் படித்துக்கொள்ளலாம். நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் கடிதம் போன்ற மாறிய தரவாக இருந்தால், அதை விண்டோஸ் தன் பேஜ்ஃபைலில் எழுதிவைக்கிறது, லினக்ஸ் தன் ஸ்வாப் பகுதியில் எழுதிவைக்கிறது. நிரல் அந்தப் பக்கத்தை மறுபடி கேட்கும்போது, அது வட்டிலிருந்து வந்து சேரும்வரை நிரல் காத்திருக்கிறது.

இந்தக் காத்திருப்பு எப்போதாவது நேர்ந்தால் யாருக்கும் தெரியாது. தொடர்ந்து நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை கணினி அறிவியலாளர் பீட்டர் டென்னிங் 1968இலேயே தெளிவாக எழுதிவிட்டார். ஒரு நிரல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், குறிப்பிட்ட ஒரு நேரத்தில் அது திரும்பத் திரும்பத் தொடும் பக்கங்கள் ஒரு சிறு தொகுதிதான். ஓடிக்கொண்டிருக்கும் எல்லா நிரல்களின் இத்தகைய தொகுதிகளும் சேர்ந்து நினைவகத்துக்குள் அடங்கும்வரை கணினி முழு வேகத்தில் இயங்கும். அடங்காமல் போகும் அந்த எல்லையைத் தாண்டியவுடன், ஒரு நிரலுக்காக வெளியேற்றிய பக்கத்தை அடுத்த நொடியே இன்னொரு நிரல் கேட்கிறது, அதற்கு இடம் செய்ய மூன்றாவதன் பக்கம் வெளியேறுகிறது. வேலை சற்றுக் கூடினால் வேகம் சற்றுக் குறையும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம்; இங்கே சமவெளி சட்டென்று முடிந்து, அதன் விளிம்பிலிருந்து நேரே கீழே விழுகிறோம். இரண்டு மடங்கு நினைவகம் சில கணினிகளில் அதிசயம் செய்வதற்கும், வேறு சிலவற்றில் ஒன்றுமே செய்யாமலிருப்பதற்கும் விளக்கம் இதுதான்: முன்னவை விளிம்புக்குக் கீழே கிடந்தவை, பின்னவை ஏற்கெனவே சமவெளியில் நின்றவை.

அந்த விழுதலை அருகிலிருந்து பார்க்க வேண்டுமானால், 4 ஜிபி ரேமும் சுழலும் வன்தட்டும் உள்ள பழைய மடிக்கணினியைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. என்னிடம் அப்படியொன்று இருக்கிறது. உலாவியில் செய்தித்தளங்கள் சிலவற்றையும், ஒரு காணொளியையும், மின்னஞ்சலையும் திறந்துவிட்டு, ஒரு பெரிய விரிதாளையும் திறந்தால் போதும். அடியிலிருக்கும் வட்டு விளக்கு மினுக்குவதை நிறுத்திவிட்டு நிலையாக எரியத் தொடங்கும். விரிதாளிலிருந்து உலாவிக்கு மாறினால் முதலில் வெறும் வெள்ளைச் சட்டகம் தோன்றும். பிறகு மேல்பட்டை வரும். அதன்பின் எழுத்துகள் பகுதி பகுதியாக நிரம்பும். சுட்டி மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு நகரும், ஆனால் சொடுக்கினால் பதில் இராது. அந்நேரத்தில், எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் ஒரு விந்தை தெரியும்: பிராசசர் பத்து, பதினைந்து விழுக்காட்டில் சும்மா இருக்கும், வட்டோ 100 விழுக்காட்டில் நிற்கும், அதே வட்டின் படிக்கும் வேகம் ஒரு எம்பிக்குக் கீழோ சற்று மேலோ ஊர்ந்துகொண்டிருக்கும். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது நொடிக்கு 100 எம்பி படிக்கும் வட்டுதான் அது. இப்போது 4 கேபி துண்டுகளை வட்டின் வெவ்வேறு மூலைகளிலிருந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 10 மில்லி விநாடி என்றால் நொடிக்கு நூறு துண்டுகள், அதாவது 400 கேபி. ஒரே வீச்சில் சில பக்கங்களைச் சேர்த்துப் படித்தாலும் அதைவிட வெகுவாகக் கூடிவிடாது. சும்மா இருக்கும் பிராசசரும் திணறும் வட்டும் ஒன்றாகத் தென்பட்டு, கூடவே நினைவகமும் விளிம்புவரை நிரம்பியிருந்தால், நோய் எதுவென்பதில் ஐயம் வேண்டியதில்லை. அந்த மடிக்கணினியில் இன்னொரு 4 ஜிபி ரேம் அட்டையைச் செருகியபின், அதே வேலைகளைத் திறந்துவைத்து மாறி மாறிப் பார்த்தால் வட்டு விளக்கு அவ்வப்போது மட்டுமே மினுக்குகிறது. பிராசசரும் வட்டும் மாறவில்லை.

எஸ்எஸ்டி வந்தபின் இந்த நோயின் அறிகுறிகள் மங்கிவிட்டன. விளிம்பிலிருந்து விழுந்தாலும் பள்ளம் ஆழமில்லை. நிமிடக்கணக்கான முடக்கத்துக்குப் பதிலாக அங்கங்கே அரை நொடித் தயக்கம் மட்டுமே தெரியும். மேக் கணினிகளில் 2013 முதலும், விண்டோஸ் 10 வந்த 2015 முதலும், வெளியேற்ற வேண்டிய பக்கங்களை வட்டுக்கு அனுப்பும் முன் ரேமிலேயே சுருக்கி வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் சேர்ந்துகொண்டது. சுருக்கவும் விரிக்கவும் பிராசசருக்குச் சிறிது வேலை கொடுத்தாலும், வட்டுக்குப் போய்வருவதைவிட அது எவ்வளவோ மேல். இவ்விரண்டும் நல்லவைதாம், ஆனால் இவற்றால் நினைவகப் பற்றாக்குறை மறைந்துபோவதில்லை, மறைக்கப்படுகிறது. எந்நேரமும் பேஜ்ஃபைலில் எழுதிக்கொண்டிருக்கும் கணினி, வரம்புக்குட்பட்ட எழுதும் ஆயுள் கொண்ட எஸ்எஸ்டியைத் தேவையின்றித் தேய்த்துக்கொண்டும் இருக்கிறது. இருந்தாலும், வன்தட்டும் குறைந்த ரேமும் உள்ள பழைய கணினிக்கு ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், முதலில் எஸ்எஸ்டிக்கு மாறுங்கள் என்பதே என் பரிந்துரை. நினைவகத்தைக் கூட்டினால் நெருக்கடி நேரங்கள் மட்டுமே சீராகும். எஸ்எஸ்டி போட்டால் கணினி தொடங்குவதிலிருந்து எல்லாமே சீராகும்.

நினைவகத்தைப் பற்றிய தவறான கருத்துகளில் மிகவும் பரவலானது, காலியாக இருக்கும் ரேம் நல்லது என்ற எண்ணம். புதிய கணினியைத் தொடங்கியவுடன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஒன்றையுமே திறக்காதபோதே இவ்வளவு போய்விட்டதே என்று பதறுகிறவர்கள் பலர். காலியாகக் கிடக்கும் நினைவகத்தால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. மின்சாரத்தைக்கூட அது மிச்சப்படுத்துவதில்லை. ஆகவே இயங்குதளங்கள், ஒருமுறை படித்த கோப்புகளை மறுமுறை கேட்கக்கூடும் என்று கருதி, மிச்சமிருக்கும் இடத்தில் வைத்துக்கொள்கின்றன. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா ஒருபடி மேலே போய், நாம் அடிக்கடி திறக்கும் மென்பொருள்களை முன்கூட்டியே கொண்டுவந்து வைத்தது. வேறு நிரல் கேட்டால் இந்த இடம் உடனே விட்டுக்கொடுக்கப்படும். லினக்ஸில் புதிதாக நுழைகிறவர்களும் நினைவகம் தீர்ந்துபோனதுபோல் ஃப்ரீ கட்டளை காட்டுவதைப் பார்த்து இதே காரணத்தால் மிரள்கிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டியது அவெய்லபிள் என்ற நெடுவரிசையை. போதுமான அளவுக்கு மேல் ரேம் இருந்தால் கிடைக்கும் சிறிய, ஆனால் உண்மையான ஆதாயமும் இதுவே: நேற்று திறந்த பெரிய மென்பொருளை மூடிவிட்டு இன்னொரு முறை திறக்கும்போது அது பட்டென்று திறக்கும்.

இதை உணர்ந்தால், நினைவகத்தைச் "சுத்தம்" செய்து தருவதாகச் சொல்லும் மென்பொருள்களின் தரம் விளங்கிவிடும். அவை செய்வதெல்லாம், நிரல்களின் பக்கங்களை வலுக்கட்டாயமாக வெளியேற்றுவதுதான். காட்டும் எண் அழகாகக் குறையும், அடுத்த சொடுக்கிலேயே அந்தப் பக்கங்கள் மீண்டும் வட்டிலிருந்து வரவேண்டியிருக்கும். இந்த வணிகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ரேமை இரு மடங்காக்குவதாகச் சொல்லி 1995இல் விற்கப்பட்ட சாஃப்ட்ரேம் 95 என்ற மென்பொருள் அப்படி எதையுமே செய்யவில்லை என்பது அம்பலமாகி, அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1996இல் அதன்மீது நடவடிக்கை எடுத்தது. விண்டோஸ் 95 தொடங்கவே 4 எம்பி தேவைப்பட்ட, ரேம் கொள்ளை விலைக்கு விற்ற காலம் அது; ஏமாந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் நம் கணினியில் நினைவகம் போதவில்லை என்பதை எப்படி அறிவது? பயன்பாட்டு விழுக்காட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகள் அனைத்தையும், மிகவும் நெருக்கடியான நாளில் எப்படித் திறந்துவைத்திருப்பீர்களோ அப்படியே திறந்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, மெமரி பக்கத்தில் நொடிக்கு எத்தனை ஹார்ட் ஃபால்ட் என்ற கோட்டைக் கவனியுங்கள். தேவைப்பட்ட பக்கம் ரேமில் இல்லாமல் வட்டுக்குப் போக நேர்ந்த தடவைகளை அது எண்ணிக் காட்டுகிறது. ஒரு மென்பொருளை முதன்முறை திறக்கும்போது கோடு மேலே பாய்ந்து இறங்குவது இயல்பு. ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரங்களுக்கிடையே மாறும்போதெல்லாம் அது பாய்ந்தாலோ, இறங்காமல் மேலேயே நின்றாலோ, நினைவகம் போதவில்லை. டாஸ்க் மேனேஜரில் கமிட்டட் என்று காட்டப்படும் எண்ணும் உதவும், ஆனால் அதைக் கண்டு உடனே அஞ்சத் தேவையில்லை; நிரல்கள் கேட்டு வாங்கிவைத்துக்கொண்டு இன்னும் தொடாத இடமும் அதில் சேர்ந்திருக்கும். அது உண்மையான ரேமின் அளவை நெடுநேரம் வெகுவாகத் தாண்டி நின்றால்தான் கவலைக்குரியது. மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர் காட்டும் மெமரி பிரஷர் வரைபடம் பச்சையில் இருக்கும்வரை நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. லினக்ஸில் விஎம்ஸ்டாட் கட்டளையின் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரு நெடுவரிசைகளும் சுழியத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் உலாவியைப் பொறுத்தே அமைகிறது. குரோம் 2008இல் வந்தபோது, ஒரு பக்கம் செயலிழந்தால் மற்றவை பாதிக்கப்படக் கூடாது என்பதற்காக டேப்களைத் தனித்தனிச் செயல்களாக, அதாவது தனித்தனியே இயங்கும் நிரல்களைப்போல, பிரித்தது. பாதுகாப்புக் கருதி, ஒவ்வொரு தளத்தையும் தனியாக அடைத்துவைக்கும் முறை 2018இல் அதன்மேல் வந்தது. ஒவ்வொரு செயலுக்கும் தனியே ஒரு பங்கு நினைவகம் செலவாகும். பாதுகாப்புக்காகக் கொடுக்கும் விலை என்று இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அதைக் கொண்டு இயங்குதளம் திறக்கும். அதன்பின் வேறு எதையும் திறக்காமலிருப்பது நலம். உலாவி, கடிதம், காணொளி என்று ஒருவர் மட்டும் அளவாகப் பயன்படுத்தும் கணினிக்கு 8 ஜிபி போதும், ஆனால் மூடாத டேப்கள் சேர்ந்துகொண்டே போகும் பழக்கம் உள்ளவர்களுக்குப் போதாது. இன்று புதிதாக வாங்குகிறவர்கள் 16 ஜிபியில் நின்றுகொள்ளலாம் என்பது என் கருத்து. 32 ஜிபி என்பது காணொளித் தொகுப்பு, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்குதல், பெரிய ஒளிப்படங்களை அடுக்கடுக்காகத் திருத்துதல் போன்ற வேலைகளுக்கானது. மற்றவர்கள் அந்தப் பணத்தை எஸ்எஸ்டியின் அளவிலோ நல்ல திரையிலோ போடலாம்.

அளவைப் போலவே, அது எத்தனை அட்டைகளாக இருக்கிறது என்பதும் ஓரிடத்தில் முக்கியமாகிறது. தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளில் திரைக்கான வேலைகளும் இதே ரேமைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. 8 ஜிபி வாங்கியும் பயன்பாட்டுக்கு ஏழேமுக்கால் அளவில் காட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். நொடிக்கு 3200 மில்லியன் பரிமாற்றம் செய்யும் டிடிஆர் 4 என்ற வகை ரேம் அட்டை ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி தரவைத் தரவல்லது. இரண்டு அட்டைகளை இரு தடங்களில் (தரவு போய்வரும் தனித்தனி வழிகளில்) செருகினால் அது 51.2 ஜிபியாகிறது. கடிதம் எழுதுகையில் இந்த வேறுபாடு தெரியாது. பகிர்ந்த நினைவகத்தைக் கொண்டு விளையாட்டு ஆடும்போது நன்றாகவே தெரியும். எனவே அத்தகைய கணினிகளில் 16 ஜிபி அட்டை ஒன்றைவிட 8 ஜிபி அட்டைகள் இரண்டு மேல்.

வாங்கும் முன், உங்கள் கணினியில் கூட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும்; அவற்றில் வாங்கும் நாளில் எடுத்த முடிவே கடைசி வரைக்கும். டிடிஆர் 3, டிடிஆர் 4, டிடிஆர் 5 மூன்றிலும் அடியிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழையாது. வேகம் வேறுபட்ட இரு அட்டைகளைச் சேர்த்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும், பெரும்பாலும் அது ஒரு குறையாகத் தெரியாது. பழைய 32 பிட் விண்டோஸ் இருந்தால் எவ்வளவு செருகினாலும் 4 ஜிபிக்குள்தான் காட்டும், அதிலும் சாதனங்களுக்கான முகவரிகள் போக மூன்று, மூன்றரை ஜிபிதான் கைக்கு வரும். அங்கே முதலில் மாற்ற வேண்டியது இயங்குதளத்தை. புது அட்டையைப் போட்டபின் மெம்டெஸ்ட் போன்ற சோதனை நிரலை ஓர் இரவு ஓடவிடுவது நல்லது, ஏனெனில் பழுதான ரேம் மெதுவாக இயங்குவதில்லை. சரியாக இயங்குவதுபோல் பாவனை காட்டிக்கொண்டே கோப்புகளைக் கெடுத்துவைக்கும்.

விண்டோஸ் பயன்படுத்துகிறவர்கள் கடைசியாக இன்னொன்றையும் எதிர்பார்க்கலாம்: ரேமைக் கூட்டிய சில நாள்களில் சி டிரைவில் காலியிடம் குறைந்திருக்கும். திறந்திருப்பவற்றை அப்படியே வட்டில் எழுதிவைத்துவிட்டு அணைக்கும் ஹைபர்னேட் வசதிக்காக விண்டோஸ் ஒதுக்கிவைக்கும் கோப்பு, ரேமின் அளவில் ஏறத்தாழ 40 விழுக்காடாக இருக்கும். ரேம் கூடினால் அதுவும் கூடும், பேஜ்ஃபைலும் சேர்ந்து வளரக்கூடும். 16 ஜிபியிலிருந்து 32 ஜிபிக்குப் போனால் அந்த ஒரு கோப்பே ஆறு ஜிபிக்கு மேல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். 128 ஜிபி எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இது உறைக்கும். ஹைபர்னேட்டைப் பயன்படுத்தாதவர்கள் அதை நிறுத்திவிட்டால் அந்த இடம் திரும்பக் கிடைக்கும், கூடவே விரைவாகத் தொடங்கும் வசதியும் நின்றுவிடும். எஸ்எஸ்டி உள்ள கணினியில் அது பெரிய இழப்பன்று. பேஜ்ஃபைலை மட்டும், ரேம்தான் நிறைய இருக்கிறதே என்று முற்றிலும் நீக்கிவிடாதீர்கள். சில மென்பொருள்கள் பெரிய இடத்தை முன்பதிவு செய்ய முயன்று, அது கிடைக்காமல் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும்.